இரு தராசும் ஓர் உடலும்: வீட்டு எடைக்கருவிகளின் கருத்து வேற்றுமை குறித்த ஆய்வுரை

பாயிரம்

ஒரு நூலில் வேறு எது இல்லாவிட்டாலும் பாயிரம் இருந்தாக வேண்டும் என்பது இலக்கணிகள் விதி. ஆகவே முதலில் அது.

நூலின் பெயர் மேலே உள்ளது. எல்லை: வடக்கே பீரோ, தெற்கே கட்டில், கிழக்கே அரிசி டிரம், மேற்கே குளியலறைக் கதவு. நுதலிய பொருள்: ஒரே ஆளை, ஒரே நாளில், இரண்டு எடைக்கருவிகள் இரண்டு விதமாகச் சொல்வது ஏன் என்பது. கேட்போர்: "வெயிட்டைக் கொஞ்சம் குறைங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று மருத்துவரால் அனுப்பி வைக்கப்பட்டோர். பயன்: இதைப் படிப்பதால் எடை குறையாது. ஏன் குறையவில்லை என்று வீட்டில் கேட்கும்போது சொல்வதற்கு நாலைந்து காரணங்கள் கைவசம் இருக்கும்.

இனிக் கலைச்சொல். செருப்பைக் கழற்றி, கைபேசியைக் கட்டிலில் போட்டு, வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு கருவியின் மேல் நிற்பவரை இக்கட்டுரை 'ஏறுநர்' எனக் குறிக்கும். வயிற்றை உள்ளிழுப்பதால் எடை குறையாது என்பது ஏறுநர் அனைவரும் அறிந்ததே. ஆயினும் இழுக்காத ஏறுநரைக் காண்பது அரிது. கீழே தெரியும் எண்ணைப் படிப்பதற்காகவே இழுக்கிறார்கள் என்பாரும் உளர்.

கருவி பற்றியும் ஒரு சொல். மேலை நாட்டார் இதைக் குளியலறையில் வைக்கிறார்கள். அவர்கள் குளியலறை உலர்ந்திருக்கும். நம் குளியலறை வாளியும் குவளையும் ஆளும் ஈர நிலம். ஆகவே நம் வீட்டில் அது கட்டிலுக்கு அடியில் வசிக்கிறது. எடை பார்க்கும் ஆசை வரும்போதெல்லாம் காலால் இழுக்கப்பட்டு வெளியே வருகிறது; எண்ணைப் பார்த்ததும் காலாலேயே உள்ளே தள்ளப்படுகிறது. தள்ளும் வேகத்துக்கும் பார்த்த எண்ணுக்கும் உள்ள தொடர்பு தனி ஆய்வுக்குரியது. இந்த இழுபறியின் விளைவு பின்னால் பேசப்படும்.

முன்னோர் கூற்று

எடைக்கருவி சொன்னபடி கேட்கவில்லை என்ற புகார் சிபிச் சக்கரவர்த்தி காலத்திலேயே எழுந்துவிட்டது. ஒரு தட்டில் புறா, மறுதட்டில் அரசன் தொடைச் சதை. அரிந்து அரிந்து வைத்தும் தட்டு இறங்கவில்லை. அந்த இடத்தில் ஓர் ஆய்வாளன் முதலில் என்ன செய்வான்? புறாவை இறக்கிவிட்டு, வெறுந்தட்டுகள் சமமாக நிற்கின்றனவா என்று பார்ப்பான். சிபி பார்க்கவில்லை, தானே ஏறி உட்கார்ந்துவிட்டார். அறத்தில் அதற்குமேல் ஒரு படி கிடையாது. அளவையியலில் அதை முன்மாதிரியாகக் கொள்ள இயலாது.

கண்ணனின் துலாபாரத்தில் பிழை எதிர்த்திசையில் ஓடுகிறது. சத்தியபாமை தன் நகையெல்லாம் குவித்தும் அசையாத தட்டு, ருக்மிணி வைத்த ஒரு துளசி இலைக்கு அசைந்தது. இவ்வளவு ஏற்ற இறக்கம் உள்ள தராசில் எந்த ஆய்வாளரும் முத்திரை குத்த மாட்டார்.

துலாபாரத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. ஏறுநர் கனமாக இருப்பது பெருமையாகக் கருதப்பட்ட ஒரே இடம் அதுதான். முதலாம் இராசராசன் திருவிசலூர்க் கோயிலில் துலாபாரம் புகுந்ததைக் கல்வெட்டில் பொறித்தார்கள். எடை பார்த்ததைக் கல்லில் பொறிக்கச் சொல்லும் துணிவு இன்று எவருக்கும் இல்லை. முகலாய அரசர் ஜஹாங்கீர் ஆண்டுக்கு இருமுறை, கதிரவக் கணக்கில் ஒரு பிறந்த நாளிலும் சந்திரக் கணக்கில் ஒரு பிறந்த நாளிலும், பொன்னுக்கும் வெள்ளிக்கும் எதிரே நிறுக்கப்பட்டார். 1617-இல் அதை வேடிக்கை பார்த்த ஆங்கிலத் தூதர் சர் தாமஸ் ரோ, எல்லாம் பைகளில் கட்டியிருந்ததால் உள்ளே கூழாங்கல்லாகவும் இருக்கக்கூடும் என்று எழுதி வைத்தார். தராசில் சந்தேகம் வந்தால் எதிர்த்தட்டையும் சந்தேகிக்க வேண்டும் என்ற முறைமை அவரிடம் இருந்தது.

ஆனால் இத்துறையின் ஆதி குரு இத்தாலியில், பதுவா நகரில் இருந்தார். சான்டோரியோ சான்டோரியோ என்ற மருத்துவர். பெயரே இருமுறை நிறுக்கப்பட்டது போல இருக்கும். அவர் ஒரு நாற்காலியைத் தராசுக் கோலில் தொங்கவிட்டு, அதில் அமர்ந்தே உண்டார், வேலை பார்த்தார், உறங்கினார். உள்ளே போனதை எல்லாம் நிறுத்தார். வெளியே வந்ததையும், அருவருப்புப் பாராமல், நிறுத்தார். ஏறத்தாழ 30 ஆண்டு இப்படி. 1614-இல் நூலாக வெளியிட்டார். உட்கொண்டதில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாமல் மூச்சிலும் தோலிலும் ஆவியாகப் போய்விடுகிறது என்பது அவர் கண்டது. போதுமான அளவு உண்டதும் நாற்காலி தானே கீழே இறங்கி உணவை எட்டாமல் செய்துவிடும்படியும் அமைத்திருந்தார். நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் இந்த நாற்காலியை அறிமுகப்படுத்த எவரும் முயலவில்லை.

பரபக்கம்

பிறர் கொள்கையை முதலில் எடுத்து மறுத்துவிட்டுத் தன் கொள்கையைப் பிறகு நிறுவுவது சைவ சித்தாந்திகள் வகுத்த வழி. அவ்வழியே செல்வோம்.

முதலாவது, புவியீர்ப்பு வாதம். பள்ளியில் இயற்பியல் பயின்று, அதைப் பயன்படுத்த வேறு வாய்ப்பே கிடைக்காதவர்கள் இதைச் சொல்வார்கள். "இடத்துக்கு இடம் ஈர்ப்பு மாறும் சார்." உண்மைதான். 1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலார், பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் கயேன் தீவுக்குக் கொண்டுபோனார். அங்கே அது நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. நிலநடுக்கோட்டருகே ஈர்ப்பு குறைவு என்பது அப்படித்தான் தெரியவந்தது. சென்னையில் ஈர்ப்பு முடுக்கம் சுமார் 9.783, லண்டனில் சுமார் 9.812. ஆக, சென்னையில் 70 கிலோ காட்டும் வில் தராசைப் பெட்டியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுபோய் அதே ஆள் ஏறினால், சுமார் 200 கிராம் கூடுதலாகக் காட்டும். மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டு ஆறு மாதம் கழித்து 4 கிலோ கூடித் திரும்பும் தாய்மார்கள் இந்த 200 கிராமை மட்டும் கழித்துக்கொள்ளலாம்.

இதே வாதத்தின் கிளை ஒன்று மலைவாதம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறினால் எடை குறையும் என்பார்கள். குறையும். 70 கிலோ ஆளுக்கு 50 கிராம்கூட முழுதாகத் தேறாது. ஊட்டி வர்க்கி ஒரு பொட்டலம் பிரித்தால் கணக்கு தலைகீழாகிவிடும். இலங்கைக்குத் தெற்கே கடலடியில் பூமியின் ஈர்ப்புப் பள்ளம் ஒன்று இருப்பதும், அங்கே கடல்மட்டம் கணக்கிட்ட நிலையைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடப்பதும் மெய்யே. அதைக் காட்டிக் கன்னியாகுமரிக்காரர் எவரும் சலுகை கேட்க வேண்டாம். அங்கே கிடைக்கும் தள்ளுபடி சில கிராம்தான்.

மேலும் இவ்வாதம் அடிப்படையிலேயே இங்குப் பொருந்தாது. என்னை? நம் இரண்டு தராசுகளும் ஒன்று மாம்பலத்திலும் மற்றது மயிலாப்பூரிலும் உள்ளன. இடையில் பூமி உருவம் மாறவில்லை.

இரண்டாவது, காற்று வாதம். நீரில் மூழ்கியவர் எடை இழப்பதுபோல் நாம் காற்றில் மூழ்கியிருக்கிறோம்; ஆகவே காற்று நம்மைத் தூக்குகிறது என்பது. தூக்குகிறது, மறுப்பதற்கில்லை. 70 கிலோ உடல் ஏறத்தாழ 70 லிட்டர் இடத்தை அடைக்கிறது. அவ்வளவு காற்றின் எடை 80 கிராம். எந்த அறையில் ஏறினாலும் இதே 80 கிராம். ஆகவே தராசுகளின் சண்டையில் காற்றுக்குப் பங்கில்லை.

மூன்றாவது, ஆடை வாதம். குடும்பங்களில் மிகுந்த செல்வாக்குடையது. "இந்தப் புடவையே ஒரு கிலோ இருக்கும்." கனமான ஜரிகை போட்ட காஞ்சிபுரம் பட்டு அந்த அளவை நெருங்கும் என்பதை ஒப்புக்கொள்வோம். ஜீன்ஸ் அரைக் கிலோவைத் தாண்டும். பையிலுள்ள கைபேசி 200 கிராம். ஆனால் அதே புடவைதானே இரண்டு தராசிலும் ஏறியது? ஒரு தராசில் கனக்கும் பட்டு இன்னொன்றில் பருத்தியாகிவிடாது. ஆகவே இதுவும் பரபக்கம்.

நான்காவது வாதம் சற்று வலுவானது: தராசு மாறவில்லை, ஆள்தான் மாறிவிட்டார். காலையில் வீட்டில் ஏறிவிட்டு, பதினோரு மணிக்கு நாத்தனார் வீட்டில் ஏறுகிறவர் இரண்டு வேறு ஆட்கள். இடையில் மூன்று இட்லி, இரண்டு காபி, வெயிலுக்கு ஒரு செம்பு மோர், போன இடத்தில் "ஒண்ணே ஒண்ணு" என்று தொடங்கிய போண்டா. ஒரு லிட்டர் தண்ணீர் குடித்த அந்தக் கணத்தில் ஒரு கிலோ கூடிவிடுகிறது. அதில் கொழுப்பு எள்ளளவும் இல்லை. முதல் நாள் ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்து இறக்கிய உப்பு, தண்ணீரைப் பிடித்து வைக்கும். உடலில் சேமிக்கப்படும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறத்தாழ 3 கிராம் நீரோடு சேர்ந்தே தங்கும். சோற்றை நிறுத்திய முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்ததாகக் கொண்டாடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த நீரைத்தான் இழந்திருக்கிறார்கள். இரவு தூங்கி எழுவதற்குள் மூச்சிலும் வியர்வையிலும் சில நூறு கிராம் போய்விடும். சான்டோரியோ கண்டது இதைத்தான். ஒரே ஆள் ஒரே நாளில் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது இயல்பு.

அஃதேல் இதுவே விடை ஆகாதோ எனின், ஆகாது. இரண்டு கருவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றிலிருந்து இறங்கி மற்றதில் ஏறினாலும் வேற்றுமை இருக்கிறது. ஒரு காலடி தூரத்தில் யாரும் போண்டா தருவதில்லை.

சுபக்கம்

எனவே குற்றவாளி கருவிக்குள்ளேதான் இருக்க வேண்டும். திறந்து பார்ப்போம்.

ஊசி உள்ள பழைய கருவி ஒரு வில்லை நம்பி வாழ்கிறது. ஏறுநரின் பாரம் நெம்புகோல்கள் வழியே சுருங்கி, ஒரு சுருள்வில்லை இழுக்கிறது. இழுபட்ட அளவுக்கு வட்டின்மேல் ஊசி நகர்கிறது. எவ்வளவு விசையோ அவ்வளவு நீட்சி என்பதைக் கண்டவர் ராபர்ட் ஹூக். 1676-இல் அதை வெளியிட்டபோது, வேறு யாரும் திருடிவிடக் கூடாதென்று லத்தீன் சொற்களின் எழுத்துகளைக் கலைத்து அகரவரிசையில் அடுக்கி வெளியிட்டார். என்ன சொன்னார் என்பதை 1678-இல்தான் அவிழ்த்தார். இரண்டு ஆண்டு எவருக்கும் புரியாமல் ஓர் உண்மையை வெளியிட்டு வைத்த அந்தப் பண்பு, அவர் விதியில் இயங்கும் கருவிகளிடம் இன்றும் இருக்கிறது.

வில் களைப்படையும். பல்லாண்டு இழுபட்ட வில் பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பாது. எஃகு சூடேறினால் சற்று நெகிழும். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டில் கிடக்கும் வில்லும், மார்கழி விடியலில் அதே வில்லும் ஒன்றல்ல. துருவும் தூசியும் நெம்புகோல் முனைகளில் உட்கார்ந்துகொள்ளும். வட்டில் கோடுகள் அரைக் கிலோவுக்கு ஒன்றாக இருக்கும். ஊசி இரண்டு கோட்டுக்கு நடுவே நிற்கும்போது ஏறுநர் எப்போதும் இடப்பக்கக் கோட்டையே படிப்பார். ஊசி அப்போது மெல்ல நடுங்குவதைக் காணலாம். அது கருவியின் அச்சமன்று. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் இரத்தத்தை உந்தித் தள்ளும்போது உடல் எதிர்த்திசையில் சற்றே உதைபடுகிறது. ஊசி அந்த உதையைக் காட்டுகிறது.

அக்கருவியின் விளிம்பில் பூஜ்யத்தைத் திருத்த ஒரு சிறு சக்கரம் உண்டு. வெறுமையாகக் கிடக்கும் கருவிகளை ஊன்றிப் பார்த்தால் ஊசி பூஜ்யத்துக்கு ஒரு கோடு கீழே நிற்பதைக் காணலாம். மேலே நிற்பது அருமை. சக்கரத்தைத் திருப்பியது யார் என்ற கேள்விக்கு எந்த வீட்டிலும் விடை கிடைத்ததில்லை. குழந்தைகள் மேல் பழி போடப்படும்.

இன்று பரவலாக இருப்பது கண்ணாடிப் பலகைக் கருவி. இதில் வில்லில்லை என்று நினைப்பவர் உண்டு. இருக்கிறது, நான்கு கால்களிலும் நான்கு எஃகு நாக்குகளாக ஒளிந்திருக்கிறது. பாரம் ஏறும்போது நாக்கு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன்மேல் ஒட்டிய மெல்லிய உலோகத் தாளின் மின்தடை அவ்வளைவுக்கேற்ப மாறுகிறது. எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இரு அமெரிக்கர்கள் 1938-இல் ஒருவரையொருவர் அறியாமல் தனித்தனியே கண்டது இந்த முறை. நான்கு கால்களின் மாற்றத்தையும் ஒரு மின்சுற்றில் கூட்டி, எண்ணாக்கிக் கண்ணாடியில் காட்டுகிறார்கள். அந்த மின்சுற்று வீட்ஸ்டன் பாலம் என வழங்கும். கண்டவர் வீட்ஸ்டன் அல்லர். 1833-இல் சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி கண்டார், பெயரை வீட்ஸ்டன் தட்டிச் சென்றார். எடைக்கருவித் துறையில் உரியவருக்கு உரியது போய்ச் சேராமை அன்றே தொடங்கிவிட்டது.

நான்கு கால் என்பதில்தான் சிக்கலின் ஆணிவேர். நாலும் ஒரே தட்டையான, கெட்டியான தளத்தில் ஊன்றியிருக்க வேண்டும். செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கல் பாவிய கூடத்தில் ஒரு கல் மயிரிழை தாழ்ந்திருந்தால் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். டைல்ஸ் இணைப்புக் கோட்டில் ஒரு கால் விழுந்தாலும் அதேதான். வாசல் மிதியடி மேல் வைத்தால் கால்கள் அமிழ்ந்து, பலகையின் அடிப்பாகமே மெத்தையில் உட்கார்ந்து பாரத்தில் ஒரு பங்கைக் கள்ளத்தனமாகத் தாங்கிக்கொள்ளும்; எண் குறையும். ஏறுநர்களில் நுண்ணறிவுடையோர் இதைத் தாமே கண்டுபிடித்து மிதியடியை நிரந்தரமாக்கிவிடுவர். வில் கருவியில் நிலைமை வேறு. 2002-இல் கேம்பிரிட்ஜில் டேவிட் மெக்கே என்பவர் இதை ஆராய்ந்தார். கெட்டித் தரையில் வில் கருவியின் அடித்தகடு பாரத்தால் சற்று வளைந்துகொடுக்கிறது. தடித்த கம்பளம் அத்தகட்டை அடியிலிருந்து தாங்கி வளையவிடாது. அதனால் நெம்புகோல் கணக்கு மாறி எண் கூடுகிறது. ஆக ஒரே கம்பளம் ஒரு கருவியில் எடையைக் கூட்டும், இன்னொன்றில் குறைக்கும். இரண்டையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு சமாதானம் தேடுகிறவர் நிலை இரங்கத்தக்கது.

காலால் இழுப்பது பற்றிப் பின்னால் பேசுவோம் என்றோம். மின்னணுக் கருவி, தன்மேல் ஒன்றும் இல்லாத நிலையைப் பூஜ்யம் என்று மனத்தில் கொள்கிறது. இடம் மாற்றினால் கால்களின் இருப்பு மாறிவிடும். பழைய பூஜ்யம் செல்லாது. இழுத்துப் போட்ட உடனே ஏறினால் முதல் எண் பெரும்பாலும் கதை. ஒருமுறை மிதித்து, அணையவிட்டு, மறுபடி ஏறினால்தான் கருவி நிதானத்துக்கு வரும். நம் வீடுகளில் கருவி நாள்தோறும் கட்டிலடியிலிருந்து புறப்படுவதால், நாம் நாள்தோறும் படிப்பது முதல் எண்ணைத்தான்.

இனிச் சொல்லப்போவது கருவிக் குலத்தின் இரகசியம். பல மின்னணுக் கருவிகள் கடைசியாகக் காட்டிய எடையை நினைவில் வைத்திருக்கும். அடுத்த முறை வருகிற எடை அதற்குச் சில நூறு கிராம் அருகில் இருந்தால், புதிய எண்ணைக் காட்டாமல் பழையதையே திரும்பக் காட்டும். மூன்று முறை ஏறி மூன்று முறையும் 71.4 என்று வந்தால் ஏறுநர், "பார்த்தீங்களா, எவ்வளவு கரெக்ட்டு!" என்பார். அதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். நம்பாதவர் ஒருமுறை ஏறிவிட்டு, கால் லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி ஏறிப் பார்க்கலாம். எண் மாறவில்லை என்றால் உங்கள் கருவி இந்தக் கட்சியைச் சேர்ந்தது. 100 கிராம் வரை துல்லியமாகக் காட்டுவதாகப் பெட்டியில் போட்டிருப்பதற்கும், 100 கிராம் வரை சரியாகக் காட்டுவதற்கும் தொலைவு அதிகம். திரையில் ஒரு தசம இடம் கூட்டுவது மலிவு. அதை உண்மையாக்குவது செலவு.

மருத்துவமனையில் கம்பியின்மேல் குண்டை நகர்த்திப் பார்க்கும் பழைய நிற்கும் தராசு மட்டும் இந்தச் சச்சரவுக்கு வெளியே நின்றது. அது ஆளின் பாரத்தை இன்னொரு பாரத்தோடு ஒப்பிடுகிறது. ஈர்ப்பு கூடினாலும் குறைந்தாலும் இருபுறமும் ஒன்றாகவே கூடும், குறையும். நர்ஸ் குண்டை மெல்ல மெல்ல வலப்புறம் தள்ளிக்கொண்டே போகும்போது ஏறுநருக்கு உண்டாகும் உணர்வைக் கண்ணாடித் திரை ஒருநாளும் தரவில்லை. அந்தத் தராசு பல இடங்களில் மூலைக்குப் போய்விட்டது.

ரயில் நிலையத்து எடை இயந்திரத்தை இங்கே விட்டுவிட்டால் கட்டுரை குறையுடையதாகும். வண்ண விளக்குகள் மினுக்க, உள்ளே வட்டு சுழல, ஏறியதும் வட்டு நிற்கும் வரை காத்திருந்து காசு போட வேண்டும். வண்டி வந்துவிடுமோ என்ற பதற்றத்தில் வட்டு நிற்குமுன்னே காசு போட்டவர்களின் எடை குறித்து நாம் கருத்துக் கூறுவதற்கில்லை. கீழே தள்ளப்படும் அட்டையில் ஒருபுறம் சினிமா நட்சத்திரம், மறுபுறம் எடையும் குணபலனும். எடையையும் குணத்தையும் ஒரே காசுக்கு மதிப்பிட்ட கருவி அது ஒன்றே. எடை தப்பு என்று சண்டை போட்டவர்கள் பலர் உண்டு. குணம் தப்பு என்று ஒருவரும் சொன்னதில்லை.

இங்கே நம் கோட்பாடு பிறக்கிறது. ஒரு வீட்டில் இரண்டு எடைக்கருவிகள் இருந்தால், குறைவாகக் காட்டுவது 'நல்லது' என்றும் கூடுதலாகக் காட்டுவது 'ரிப்பேர்' என்றும் பெயர் பெறும். ரிப்பேர் பரணுக்குப் போகும், அல்லது சொந்தக்காரருக்குப் பரிசாகப் போகும்.

"ஏங்க, நம்ம மெஷின் ரெண்டு கிலோ கம்மியா காட்டுதுன்னு டாக்டர் சொல்றாரு."

"அவரு மெஷினைப் பார்க்கச் சொல்லு."

இந்த உரையாடல் தலைகீழாக நிகழ்ந்ததற்குச் சான்று இல்லை. தலைமுறை தலைமுறையாக இப்படி வடிகட்டினால், வீடுகளில் எஞ்சுவன எல்லாம் குறைவாகக் காட்டும் கருவிகளே. பழைய பேப்பர்க்காரர் கொண்டுவரும் தொங்கு தராசும் இதே வடிகட்டலில் வந்ததுதான். அங்கே தேர்ந்தெடுப்பவர் அவர், இங்கே நாம். கருவிகள் ஒன்றோடொன்று முரண்படுவது பொறியியலால். ஆனால் அம்முரண்பாட்டில் எது பிழைத்திருக்கும் என்று முடிவு செய்வது ஏறுநரே.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டியதில்லை. இதே சிக்கல் உலகத்தின் கிலோகிராமுக்கே வந்தது. பாரிசுக்கு அருகே செவ்ரில், பிளாட்டினமும் இரிடியமும் கலந்த ஓர் உருளையை 1889-இல் ஒரு கிலோ என்று நிலைநாட்டினார்கள். மூன்று சாவி இருந்தால்தான் திறக்கும் பெட்டகத்தில் பூட்டி வைத்து, நூறாண்டில் சிலமுறை மட்டும் வெளியே எடுத்தார்கள். அதன் பிரதிகள் நாடுகளுக்குப் போயின; இந்தியாவுடையது 57-ஆம் எண், டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. அவ்வப்போது பிரதிகளை வரவழைத்து ஒப்பிட்டதில், நூறாண்டில் மூலத்துக்கும் பிரதிகளுக்கும் ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் வேற்றுமை வந்திருந்தது. எது மாறியது? மூல உருளை எவ்வளவு இருக்கிறதோ அதுதான் ஒரு கிலோ என்பது விதி. ஆகவே அது மெலிய முடியாது. மீதி உலகம்தான் பருத்துவிட்டது என்று கொள்ள வேண்டியிருந்தது. வீட்டில் மூத்தவர் சொன்னதே சரி, மற்றவர்கள்தான் மாறிவிட்டார்கள் என்ற நம் குடும்ப நெறியை அறிவியல் 130 ஆண்டு கடைப்பிடித்தது. கடைசியில் 2019 மே 20 அன்று உருளையைக் கைவிட்டு, பிளாங்க் மாறிலி என்ற எவரும் தொட முடியாத எண்ணுக்குப் போய்விட்டார்கள். தொட முடியாத ஒன்றை யாரும் சக்கரம் திருப்பிக் குறைக்க முடியாது அல்லவா?

சட்டத்தின் உதவியையும் ஆராய்ந்தோம். சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009 உள்ளது. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையினர் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரையிடுகிறார்கள். கத்தரிக்காயில் 50 கிராம் ஏமாந்தால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது. நம் கட்டிலடிக் கருவி நம்மைத்தான் ஏமாற்றுகிறது, நாமும் உடந்தை. புகார் கொடுப்பார் இல்லாத குற்றத்துக்கு முத்திரை ஆய்வாளர் வரமாட்டார்.

சோதனை முறை

இனிச் செய்முறை. ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் எடைக்கற்கள் உள்ளன. நாம்தான் அவற்றை வேறு பெயரில் அழைக்கிறோம்.

புதிதாக வந்த, சீல் உடைக்காத சமையல் கேஸ் சிலிண்டர் அவற்றுள் தலையாயது. வீட்டு சிலிண்டரில் எரிவாயு 14.2 கிலோ, வெறும் சிலிண்டரின் எடை அதன்மேலேயே எழுதியிருக்கும், 15 கிலோவுக்குச் சற்று மேலே. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 29.5. கொண்டுவருபவரிடமும் தொங்கு தராசு இருக்க வேண்டும் என்பது விதி. கேட்டு நிறுக்கச் சொன்னால் சாட்சியும் கிடைக்கும். அடுத்தது அரிசி மூட்டை. 2022 ஜூலை முதல் 25 கிலோ வரையிலான மூட்டைகளுக்கு ஜிஎஸ்டி வந்ததும் அரிசி ஆலைகள் 26 கிலோ மூட்டைக்கு மாறின. வரிக்குப் பயந்து பிறந்த அந்த ஒரு கிலோ நமக்கு அளவுகோல். 20 லிட்டர் தண்ணீர் கேனும் உதவும்; கேனின் எடையைத் தனியே சேர்த்துக்கொள்க.

கருவியைக் கெட்டித் தரையில், இணைப்புக் கோடு படாமல் வைக்கவும். ஒருமுறை மிதித்து அணையவிடவும். சிலிண்டரை நடுவில் மெல்ல இறக்கவும். போட்டால் கண்ணாடி உடையும், அதன்பின் சோதனையே தேவைப்படாது. எண்ணைக் குறித்துக்கொள்ளவும். சிலிண்டரை இறக்கிவிட்டு, அரிசி மூட்டையை மட்டும் வைத்துக் குறிக்கவும். பிறகு இரண்டையும் ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க முடிந்தால் இன்னும் நல்லது: 55 கிலோவுக்கு மேல் வரும், ஏறுநர்களின் எடைக்குப் பக்கத்தில். பிடிப்பவர் தன் பாரத்தைக் கொடுக்கவும் கூடாது, மூட்டையைத் தூக்கிப் பிடித்துக் கருணை காட்டவும் கூடாது. நாத்தனார் வீட்டுக் கருவியையும் இதே நாளில் இதே மூட்டையால் சோதிப்பது உறவுக்கு நல்லது.

சிலிண்டருக்கு 31 காட்டும் கருவி உங்களுக்கும் கூட்டியே காட்டும். அதைச் சொல்லிக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை. 28 காட்டினால் அது ஏன் இத்தனை நாளும் உங்களுக்குப் பிடித்திருந்தது என்பது விளங்கிவிடும். சிலிண்டருக்கு 29.5, மூட்டைக்கு 26, இரண்டுக்கும் சேர்த்து 55.5 என்று காட்டிவிட்டால், அடுத்து நீங்கள் ஏறும்போது காட்டுவதே உங்கள் எடை. இதன்மேல் மேல்முறையீடு கிடையாது.